பிள்ளைக்காம்பராவில் மூன்று பேர்

கவ்வாத்து வெட்டுகிறவனைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அவன் கையைத்தான் பார்ப்பார்கள். கத்தி மின்னுவதும் வெட்டுப்பட்ட மிலார்க்குச்சி விழுவதும் அங்கேதான் தெரியும். ஆனால் அந்த வேலையைச் செய்வது இடுப்பு.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதனால் சில வருடங்களுக்கு ஒரு தடவை, ஒரு மலையை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள செடிகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டு சாய்வாக விழ வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் தங்காமல் வழியும். ஒரே இழுப்பில் விழ வேண்டும். அப்போதுதான் பட்டை கிழியாது. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக் குனிந்தவன், அடுத்த செடிக்கு நகரும்போதும் முழுதாக நிமிர்வதில்லை. நிமிர நிமிர நேரம் போகும். காலைப் பனியில் குனிந்தால் மாலை நாலு மணிக்குத்தான் வானத்தைப் பார்ப்பான்.

இருபது பேர் நின்றால் ஆளுக்கொரு நிரை. முதல் நிரையில் நிற்பவன் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது ஆள் தொடங்குவான், அதற்குப் பிறகு மூன்றாவது ஆள். முதல் ஆள் இழுத்தால் எல்லோரும் இழுக்க வேண்டும். அவன் தளர்ந்தால் மலையே தளர்ந்துவிடும். பொகவந்தலாவைப் பக்கம், கரும்பாறைத் தோட்டத்து மேல்பிரிவில் பதினொரு வருடமாக அந்த முதல் நிரை சோலைமலையுடையது.

அறுபத்திரண்டாம் வருடம் மாசி மாதக் கடைசியில், விடியற்காலை, அடுப்பை ஊதக் குனிந்த சோலைமலை நிமிரவில்லை.

அவன் மனைவி அழகம்மா கொழுந்துக் கூடையைக் கையில் எடுத்திருந்தாள். "என்னங்க, அடுப்புக்குள்ள என்னத்த தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"தேடல புள்ள. மாட்டிக்கிட்டேன்."

அவளும் இரண்டு மகள்களும் சேர்ந்து அவனை அப்படியே வளைந்த வாக்கில் தூக்கிப் பாயில் சாய்த்தார்கள். ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்த மூக்கன் ஓடிவந்து பார்த்து, "ஏதோ பலா மரத்து வேரப் பிடுங்கிப் போட்ட மாதிரில்ல கெடக்காரு மச்சான்" என்றான். நான்கு நாட்கள் கழித்துத்தான் சோலைமலை சுவரைப் பிடித்து நின்றான். ஒரு வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து, குடையை ஊன்றி நின்றபடி பேசினார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் சோலைமலைக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஆனி பொறந்தா ஒம்பதாம் நம்பர் மலை கவ்வாத்து. அதுக்குள்ள நிமிந்துட்டா முத நெரை ஒனக்குத்தான். இல்லாட்டி வயசானவங்களோட சேத்து சில்லற வேலைக்குப் போட்டுர்றேன். பொல்லு ஊண்டிக்கிட்டு ரோட்டுல புல்லு செதுக்கலாம். கோவிச்சுக்காத."

"எனக்கு முப்பத்தெட்டுதாங்க ஐயா."

"அது ஒன் இடுப்புக்குத் தெரியலயேப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், டொக்டர் ஐயா என்று எல்லோரும் கூப்பிட்ட மயில்வாகனம், யாழ்ப்பாணத்துக்காரர். சோலைமலைக்கு இரண்டு தடவை எண்ணெய் கொடுத்திருந்தார். மூன்றாம் தடவை அவன் போனபோது போத்தலை எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எண்ணெய் பூசி நாரிப்பிடிப்பு மாறாது கண்டியோ. நான் ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. நீ கொழுந்துச் சாக்கு இறங்கிற கம்பியைப் பாத்திருக்கிறாய்தானே? கம்பிக்காலை எப்படி நட்டு வைச்சிருக்கினம்?"

"ரெண்டு பக்கமும் இழுவக் கம்பி கட்டியிருக்குங்க."

"ஓம். ஒரு பக்கத்துக் கம்பி மட்டும் இறுகி, மற்றப் பக்கம் இளகினால்?"

"கால் சாஞ்சுரும்."

"உன்ர முள்ளந்தண்டு அந்தக் கால். இருபது வருசமாக முன்னுக்குக் குனிஞ்சு குனிஞ்சு முன்பக்கம் இறுகிப் போச்சு, பின்பக்கம் இழுபட்டு இளகிப் போச்சு. இப்ப பின்னுக்கு வளைஞ்சு பழக வேணும். மெல்ல மெல்ல, நாளுக்கு நாள்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். இந்தியாவில் அச்சடித்தது. பன்னிரண்டு படங்கள். பெரிய மீசை வைத்த ஒரு மனிதர் கோவணத்தோடு பன்னிரண்டு விதமாக வளைந்திருந்தார். ஒன்றில் குப்புறப் படுத்துத் தலையைப் பாம்புபோலத் தூக்கியிருந்தார். ஒன்றில் மல்லாந்து படுத்துக் கால்களை வானத்துக்கு நீட்டியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, மீசை கலையாமல், படம் பிடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யோகாசனம். நானும் செய்யிறனான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் மயில்வாகனம். "கதவைச் சாத்திப்போட்டுத்தான். பெரிய டொக்டர் கண்டால் சிரிப்பார்."

சோலைமலை தாளைப் பார்த்தான். டொக்டர் ஐயாவின் தொந்தியைப் பார்த்தான். அவரைக் கோவணத்தோடு மனதில் நினைக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான்.

முதல் சிக்கல் வெட்கமல்ல. தரை. மலையில் வசிப்பவர்களுக்கு இது புரியும். தட்டையான இடம் என்று ஒன்று அங்கே சுலபத்தில் கிடையாது. பாதை சாய்வு, வாசல் சாய்வு, தோட்டம் சாய்வு. லயத்துக் காம்பரா மட்டும்தான் மட்டம், அதுவும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் அடுப்பு, பாய், பானை, விறகு, இரண்டு பிள்ளைகள். சோலைமலை அங்கே குப்புறப் படுத்தால் தலை அடுப்புக்குள் போகும், அல்லது கால் இஸ்தோப்புக்கு வரும். அதோடு காம்பராச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. இந்தக் கோடியில் ஒருவன் தும்மினால் அந்தக் கோடியில் "நூறு ஆயுசு" என்பார்கள்.

மேல்பிரிவில் வழுவழுப்பான சிமெந்துத் தரை இருந்தது ஒரே இடத்தில். பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் கூடம் அது. பொழுது சாயும் முன் குழந்தைகளைத் தூக்கிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் ஆளே வராது.

முதல் நாள் சோலைமலை தனியாகப் போனான். கம்பளியைக்கூடக் கழற்றாமல் குப்புறப் படுத்தான். மேலே சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. தலையைத் தூக்கினான். ஒரு சாண் எழும்பியதும் இடுப்பில் யாரோ ஆணி அடித்ததுபோல் இருந்தது. அப்படியே படுத்துக் கிடந்தபோது ஜன்னலில் மூக்கனின் முகம் தெரிந்தது.

"மச்சான்! என்ன இது, தொட்டில்லேருந்து விழுந்துட்டீங்களா?"

மூக்கனிடம் மறைக்க முடியாது. தாளைக் காட்டினான். மூக்கன் அதை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான்.

"யாரு இந்த மீசைக்காரரு? துணி வாங்கக் காசில்லாதவரு மாதிரி தெரியலயே."

"சிரிக்காதடா. இடுப்புக்கு நல்லதாம்."

"தொந்திக்கும் நல்லதா?" மூக்கன் கேட்டுவிட்டு உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ரோதை என்கிற தேயிலை ஆலையின் மாடியில் கொழுந்து உலர்த்தும் வேலை அவனுக்கு. நான்கு மாடிப் படிக்கட்டை ஏறிப்போய், கொழுந்தைச் சணல் தட்டுகளில் பரப்ப வேண்டும். நாலாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது ஒரு பேச்சும் பேச முடியாமல் மூச்சு வாங்குவதைப் பையன்கள் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சோலைமலையிடம் சொன்னான்.

மூன்றாம் நாள் அழகுமுத்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. ரோதையில் தூள் காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். விறகுக்கும் அவனுக்கும் வித்தியாசம் குறைவு என்று மூக்கன் சொல்வான். வாசலில் நின்று, "ஒடம்பு வைக்கிறதுக்கு எதாச்சும் படம் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

சட்டையைக் கழற்றத்தான் மூன்று பேருக்கும் ஒரு வாரம் பிடித்தது. சோலைமலைக்குக் கூன். மூக்கனுக்குத் தொந்தி. அழகுமுத்துவுக்கு விலா எலும்பை எண்ணலாம். மூன்று பேரும் மூன்று சுவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கழற்றினார்கள். பீலியில் தினம் ஒருவரையொருவர் துண்டோடு பார்த்தவர்கள்தான். குளிப்பது வேறு, உடம்பைச் சரி பண்ணுகிறேன் என்று நிற்பது வேறு. குளிக்கிறவன் உடம்பை யாரும் கேள்வி கேட்பதில்லை. சரி பண்ண வந்தவனோ, இது சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டு நிற்கிறான்.

ஆனால் வேலை செய்து பழகிய உடம்புக்கு ஒரு குணம் உண்டு. என்ன கேட்கிறாய் என்று புரிந்துவிட்டால் செய்துவிடும். இரண்டு வாரத்தில் சோலைமலையின் தலை ஒரு முழம் எழும்பியது. மூச்சை இழுத்துக்கொண்டு எழும்பினால் வலிக்கிறது, விட்டுக்கொண்டு எழும்பினால் வலிப்பதில்லை என்று அவனே கண்டுபிடித்தான். அதைப் போய்ச் சொன்னபோது மயில்வாகனம் எழுந்து நின்று, "அது எனக்குத் தெரியாமல் போச்சே!" என்று சந்தோஷப்பட்டார்.

பங்குனி முடியப் போன ஒரு சாயங்காலம் அது நடந்தது. மூன்று பேரும் வரிசையாகக் குப்புறப் படுத்து, கண்களை மூடி, தலையையும் நெஞ்சையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் பேரனை அங்கே விட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் காளியாயி, அவன் சட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயோ ஆத்தா! மூணு பேருக்கும் என்னடா ஆச்சு! கள்ளச் சாராயத்தக் குடிச்சிட்டீங்களா?"

அவள் சத்தம் பீலிவரை கேட்டிருக்கும். இன்னும் ஒரு மூச்சில் லயம் முழுக்கக் கூடிவிடும். யோகாசனம் என்று சொன்னால் அதை விளக்க வேண்டும், மீசைக்காரர் படத்தைக் காட்ட வேண்டும், ஆயுளுக்கும் சிரிப்பார்கள். மூக்கன் படுத்தபடியே வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அங்கப்பிரதட்சணம் அக்கா! நேத்தி! ஆத்தா கோயில்ல உருளப் போறோம், அதான் பழகுறோம்!"

காளியாயியின் கோபம் அப்படியே வடிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள்.

"வைகாசித் திருவிழாவுக்கு இன்னைக்கோட சரியா நாப்பத்தெட்டு நாளு இருக்கு. ஒரு மண்டலம். அதான் இன்னைக்கே ஆரம்பிச்சிருக்கீங்க. நல்லா இருங்க சாமிகளா."

அவள் போன பிறகு மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"சாமின்னுட்டா" என்றான் அழகுமுத்து.

அம்மனுக்கு நேர்த்தி வைத்தவன் வீட்டில் என்ன நடக்குமென்று மூன்று பேருக்கும் தெரியும். அன்றிரவே நடந்தது. அழகம்மா வீட்டைச் சாணி போட்டு மெழுகி, வாசலில் வேப்பிலை கட்டி, கருவாட்டுப் பானையை மூக்கன் வீட்டில் கொடுக்கப் போனாள். மூக்கன் மனைவி தன் கருவாட்டுப் பானையோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். இரண்டு பானையும் காளியாயி வீட்டுக்குப் போயின. கறி இல்லை, கருவாடு இல்லை, சம்பள நாளில் ஒரு கிளாஸ் சாராயம் இல்லை. தனிப் பாய். விடியற்காலையில் பீலியில் தலைக்குக் குளியல். பொகவந்தலாவைப் பீலித் தண்ணீர் சித்திரை மாதத்திலும் ஊசியாகக் குத்தும். லயத்துக் கிழவர்கள்கூட வழிவிட்டு, "வாங்க சாமி" என்றார்கள். கணக்கப்பிள்ளை குடையை மடக்கிக் கும்பிட்டார்.

"பெரிய எடத்துல பொய் சொல்லிட்டடா" என்று சோலைமலை மூக்கனைத் திட்டினான்.

"நான் சொல்லல மச்சான். வாய் சொல்லிருச்சு."

நாற்பத்தெட்டில் பதினைந்து நாட்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அழகம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவை உள்ளங்கை கனத்தில் தட்டி, தகரத்தில் போட்டு, மேலே ஒரு கொள்ளியை வைத்து இரண்டு பக்கமும் வேகவைக்கிற ரொட்டி. இடித்த சம்பல் அம்மியிலிருந்தது. காளியாயி வீட்டுப் பக்கமிருந்து கருவாடு பொரிக்கும் வாசனை கூரை இடுக்கு வழியாக வந்தது. சோலைமலை கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏங்க" என்றாள் அழகம்மா. ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. டொக்டர் ஐயா என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு?"

"எனக்குத் தெரியாம நேத்தி வைக்கிற ஆளா நீங்க? கல்யாணம் ஆகிப் பதினாறு வருசத்துல ஒரு தேங்கா ஒடைக்கிறதுன்னாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஒடைப்பீங்க. இடுப்பு வலின்னு சொன்னாங்க, சரி. அது இடுப்பு வலி இல்ல, வேற பெரிய நோவு, அதான் ஆத்தா கால்ல விழுறாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எத்தன நாளுன்னு சொன்னாரு?"

அவள் குரல் உடைந்தது. ரொட்டி ஒரு பக்கம் கருகியது. சோலைமலை எழுந்து, வேட்டி மடிப்பிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தான்.

"நோவும் இல்ல, நேத்தியும் இல்ல புள்ள. இதுதான்."

அழகம்மா மீசைக்காரரை ஒன்றாவது படத்திலிருந்து பன்னிரண்டாவது படம்வரை பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இதையா?"

"ம்."

"பிள்ளைக்காம்பராவுலயா?"

"ம்."

"மூக்கன் அண்ணனுமா? இப்படியா? கால மேல தூக்கிக்கிட்டா?"

சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து வந்தது. வாயைச் சேலையால் பொத்தினாள். பொத்த முடியவில்லை. சுவருக்கு மேலே அந்தப் பக்கமிருந்து மூக்கன் மனைவி, "என்ன மதினி?" என்றாள். "ஒண்ணுமில்ல மதினி, ரொட்டி கருகிருச்சு" என்று சொல்லிவிட்டு அழகம்மா மறுபடியும் சிரித்தாள். சோலைமலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவனாலும் அடக்க முடியவில்லை.

"கூப்புட்டு உண்மையச் சொல்லிரவா எல்லார்கிட்டயும்?" என்று கேட்டான்.

அழகம்மா சிரிப்பை நிறுத்தினாள். "அது வேற. பொய்யோ நெசமோ, ஆத்தா பேரச் சொல்லியாச்சு. உருண்டுதான் ஆகணும். இடுப்பு தாங்குமா?"

"தெரியல."

"தாங்குற மாதிரி பண்ணுங்க. இன்னும் நாளு இருக்குல்ல." தாளில் பாம்புப் படத்தின் மேல் மாவு ஒட்டிய விரலை வைத்தாள். "கூடக் கயிறு தலையில மாட்டி மாட்டி எனக்குப் பின்கழுத்து மரத்துப் போகுது. இது கழுத்துக்கும் ஆகுமா?"

"பொம்பளைங்களா செய்யிறது?"

"ஏன், எங்களுக்குக் கழுத்து இல்லையா? கதவச் சாத்துங்க."

அடுப்புக்கும் பாய்க்கும் இடையில் குறுக்குவாட்டில் படுத்து அவள் தலையைத் தூக்கினாள். முதல் தடவையே சோலைமலையைவிட அரைச் சாண் கூடத் தூக்கினாள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

உருள்வது சுலபம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. மரக்கட்டையை உருட்டினால் நேராகப் போகும், ஏனென்றால் இரண்டு முனையும் ஒரே கனம். மனித உடம்புக்குத் தோள் அகலம், கால் ஒடுக்கம். ஒரு சுற்றுச் சுற்றினால் தோள் அதிக தூரம் போய்விடும், கால் பின்தங்கும். கோயிலைச் சுற்றுகிறவன் சாமி பக்கம் காலை நீட்ட முடியாது, தலைதான் உள்பக்கம். ஆகவே உடம்பு தானாகக் கோயிலைவிட்டு வெளியே வளைந்து போகத்தான் பார்க்கும். அதற்குத்தான் கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பிக்கொள்வது. தலைப் பக்கமும் ஒடுங்கிவிடுகிறது. பிறகு தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இடுப்பு ஒரு நொடி பிந்தினால் முள்ளந்தண்டு துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும். வயிற்றையும் முதுகையும் இறுக்கி, கழுத்திலிருந்து கால்வரை ஒரே பலகையாக வைத்துக்கொண்டால்தான் முடியும்.

இதையெல்லாம் அவர்கள் பிள்ளைக்காம்பராத் தரையில் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த பழக்கம் அது. முதலில் பன்னிரண்டு படம், பிறகு உருளல். குழந்தைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எண்ணினார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட மயில்வாகனம் ஒரு நாள் தானே வந்து பார்த்துவிட்டு, "இது பதின்மூண்டாவது படம். மீசைக்காரருக்குத் தெரியாது" என்றார். கறியும் சாராயமும் இல்லாமல் மூக்கன் நாலாவது மாடிக்குப் பாடிக்கொண்டே ஏறினான். அழகுமுத்துவுக்கு மட்டும் விரதத்தில் பசி கூடி, ரொட்டியைப் பத்துப் பத்தாகத் தின்று, கன்னத்தில் சதை வைத்தது.

மாரியம்மன் கோயில் மலையை வெட்டிக் கட்டியது. முன்னாலும் இரண்டு பக்கமும் மட்டம். பின்பக்கம் மட்டும் பாதை கீழே சாய்ந்து, தண்ணீர் போகிற கானை நோக்கி இறங்கும். நடக்கிறவர்களுக்கு அது தெரியாது. உருள்கிறவர்கள் அந்தச் சாய்வில் போனால் நேராகக் கானுக்குள்தான். சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கல் சுமந்து, கானோரமாக ஒரு வரி கட்டி, மண் போட்டு மிதித்து மட்டமாக்கினார்கள். யாரும் கேட்காமலே இன்னும் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். சோலைமலை மண் கூடையைத் தூக்கி மற்றவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தான் குனிந்து குனிந்து நிமிர்வதை அவனே கவனிக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற அழகம்மா கவனித்தாள்.

வைகாசித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு மழை. திருவிழாக் காலையில் வெயில். கரகம் ஆற்றிலிருந்து வந்து இறங்கியது. பீலியில் நனைந்த வேட்டியோடு மூன்று பேரும் கோயில் முன்னால் நீட்டிப் படுத்தார்கள். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, ரோதை லயம் எல்லாம் கூடியிருந்தது. தப்பு மேளம் அதிர்ந்தது. காளியாயி குலவை போட்டாள்.

கோயிலை மூன்று தடவை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் சோலைமலைக்கு வானமும் மண்ணும் வானமும் மண்ணுமாக இருந்தது. கூழாங்கல் விலாவில் குத்தியது. இடுப்பில் அந்த ஆணி எப்போது இறங்கும் என்று காத்துக்கொண்டே உருண்டான். இரண்டாம் சுற்றில் பின்பக்கம் போனபோது, மழையில் ஊறிய புது மண் ஓரமாக அமுங்கியது. முன்னால் போன மூக்கனின் கால் அதில் இறங்க, அவன் கல் வரியைத் தாண்டி, "மச்சா...ன்!" என்று கத்திக்கொண்டே கானுக்குள் போனான்.

கூட்டம் "ஆத்தா!" என்று அலறியது. சேறு வழிய மூக்கன் தலை மேலே வந்தது. இரண்டு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டபடியே ஏறி வந்து, விழுந்த இடத்திலேயே மறுபடி படுத்தான். தப்படித்தவர்கள் இரட்டைத் தாளம் போட்டார்கள்.

மூக்கனுக்குப் பின்னால் வந்த சோலைமலை, அமுங்கிய இடத்தைத் தாண்ட உடம்பை நடுவிலேயே நிறுத்தி மேல்பக்கமாக எக்கித் திருப்ப வேண்டியிருந்தது. பலகைபோல் இறுக்கி, இடுப்பால் ஒரு தூக்குத் தூக்கி, திரும்பினான். திரும்பிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. மாசி மாதத்தில் அடுப்பை ஊத முடியாத இடுப்பு. மூன்றாம் சுற்றை அவன் சிரித்துக்கொண்டே முடித்தான். பக்தியில் முகம் மலர்ந்ததாகக் காளியாயி எல்லோரிடமும் சொன்னாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. எழுந்து நின்று ஆத்தாவைப் பார்த்துக் கும்பிட்டபோது, நாற்பத்தெட்டு நாள் பயந்த பயமெல்லாம் போய், அவளும் இதற்கு உடந்தை என்றே அவனுக்குத் தோன்றியது.

ஆனி முதல் வாரம். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் விடியற்காலைப் பனியில் மூழ்கியிருந்தது. ஆண்கள் கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக, கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கி நின்றார்கள். பெண்கள் கூடையோடு இன்னொரு பக்கம். கணேசமூர்த்தி பேர் கூப்பிட வந்து நின்றார்.

அந்தக் குளிரில் சோலைமலையின் முதுகு இறுகிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நம்பர் மலை செங்குத்து. இப்படியே போய்க் குனிந்தால் பத்துச் செடிக்குள் பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரிந்தது. பழக்கிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கிறது. காம்பராவுக்குத் திரும்ப நேரமில்லை. சுற்றி நூறு பேர் நிற்கிறார்கள். விரதம் முடிந்துவிட்டது, சொல்வதற்குப் பொய்யும் கையிலில்லை.

அவன் கத்தியைத் தரையில் வைத்தான். கம்பளியைக் கழற்றினான். இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பின்னால் வளைந்தான். பிறகு மூச்சை விட்டுக்கொண்டு மெல்ல முன்னால் குனிந்து கால் விரலைத் தொட்டான். மறுபடி நிமிர்ந்து பின்னால் வளைந்தான்.

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. காளியாயிதான் கேட்டாள்.

"என்ன சாமி, இன்னும் நேத்தி முடியலயா?"

"நேத்தி முடிஞ்சிருச்சு அக்கா" என்றான் சோலைமலை, தலைகீழாகக் குனிந்தபடி. "இது இடுப்புக்கு."

"இடுப்புக்கா?"

"ஆமா. யோகாசனம். அன்னைக்குப் பிள்ளைக்காம்பராவுல செஞ்சதும் இதான்."

மூக்கன் ரோதைக்குப் போகிற பாதையில் நின்றுவிட்டான். காளியாயி வாயில் கைவைத்தாள்.

"அப்ப நாப்பத்தெட்டு நாளும் உங்க வீட்டுக் கருவாட்டத் தின்னது..."

"நீங்கதான் அக்கா" என்று அழகம்மா பெண்கள் நடுவிலிருந்து சொன்னாள்.

முதலில் சிரித்தது கணேசமூர்த்தி. அதற்குப் பிறகு பனிக்குள் எங்கே யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. காளியாயி சிரித்துச் சிரித்து, கூடையை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சோலைமலைக்குக் காது மடல் சூடாகியது. ஆனாலும் எண்ணிக்கையை விடவில்லை. பன்னிரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து முடித்தான். முடித்தபோது பக்கத்தில் இன்னும் இரண்டு கவ்வாத்துக்காரர்கள் கம்பளியைக் கழற்றிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், கால் விரலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"முழங்கால மடக்காதீங்கடா" என்றான் சோலைமலை. "மூச்ச விட்டுக்கிட்டே போங்க."

"முத நெரை யாரு?" என்று கணேசமூர்த்தி கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"நானுங்க ஐயா."

ஒன்பதாம் நம்பர் மலையில் அன்று அவன் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. கத்தி சாய்வாக ஏறியது, மிலார் விழுந்தது, அடுத்த செடி. மற்றவர்களுக்கு அந்த வேகம் பழக்கம். பேசாமல் பின்னால் வந்தார்கள். வெயில் ஏறி, பனி கலைந்து, மாலை நாலு மணியானபோது நிரை முடிந்து மலை உச்சி வந்துவிட்டது. அவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட மிலாரைக் காலால் ஒதுக்கி, கொஞ்சம் மட்டமான இடமாகப் பார்த்து மல்லாந்து படுத்தான்.

எதிர் மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து காளியாயியின் குரல் பள்ளத்தைத் தாண்டி வந்தது.

"ஏய் சோலமல! விழுந்துட்டியா, மாட்டிக்கிட்டியா?"

கூடவே பத்துப் பதினைந்து பேர் சிரிக்கும் சத்தம். அதில் அழகம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சோலைமலை எழுந்திருக்கவில்லை. மூச்சை விட்டுக்கொண்டே, முழங்கால் மடங்காமல், இரண்டு கால்களையும் சேர்த்து வானத்துக்கு நேராக நீட்டினான். எதிர் மலையில் குலவைச் சத்தம் எழுந்து அடங்கும்வரை அவற்றைக் கீழே இறக்கவில்லை.